வெயிலுக்குப் பழகிய செடி: சேரன்மாதேவி பக்கம் ஒரு நர்சரி

இந்தப் பங்குனியில் எங்கள் வீட்டைச் சுற்றிப் பூத்து நிற்பதில் முக்கால்வாசி ஒரே நர்சரியில் வாங்கிய செடிகள். சேரன்மாதேவி தாண்டி வீரவநல்லூர் போகிற ரோட்டில், வயல் பக்கமாக ஒரு மண்பாதை பிரியும். அதில் கொஞ்ச தூரம் உள்ளே போனால் பெரிய வேப்பமரம் ஒன்று, அதைச் சுற்றித்தான் நர்சரி. பெயர்ப் பலகை கிடையாது. ரோட்டோரத்து டீக்கடையில் "பூச்செடி அண்ணாச்சி இடம் எது?" என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள். பாளையங்கோட்டையிலிருந்து பேட்டை, பத்தமடை வழியாகப் போக முக்கால் மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். ஒரு மல்லிச் செடிக்காக அவ்வளவு தூரம் போகணுமா என்று ஆபீஸில் எல்லாரும் கேட்கிறார்கள். போகணும். ஏன் என்று சொல்கிறேன்.

நம் பக்கத்து நர்சரிகளுக்கு நிறையச் செடி ஆந்திராவிலிருந்து, ராஜமுந்திரிக்குப் பக்கத்திலுள்ள கடியத்திலிருந்து லாரியில் வருகிறது. கலர் ரோஜா என்றால் ஓசூர், பெங்களூரு. வருகிற செடியில் குறை ஒன்றுமில்லை. அந்த ஊர் மண்ணில், அந்த ஊர் ஈரத்தில் செழிப்பாக வளர்ந்தது. இங்கே இறக்கிப் பச்சை நிழல்வலைக்கு அடியில் வைத்து, காலையும் மாலையும் தண்ணி தெளித்து, அடுத்த வாரமே விற்றுவிடுகிறார்கள். அதைக் கொண்டுவந்து மாசிக் கடைசி வெயிலில் நம் செம்மண்ணில் வைத்தால் சீக்கிரமே இலை ஓரம் கருகி, மொட்டெல்லாம் உதிர்ந்து, வெறும் குச்சிதான் மிஞ்சும். வேரைச் சுற்றிப் பிசைந்து வைத்திருக்கிற களிமண் உருண்டை காய்ந்து இறுகிவிட்டால், ஊற்றுகிற தண்ணி உள்ளே இறங்காமல் பக்கவாட்டில் ஓடிவிடும். நாம் ஊற்றிக்கொண்டே இருப்போம், செடி தாகத்திலேயே சாகும்.

அண்ணாச்சி இடத்தில் செடிகள் மூன்று வரிசையாக நிற்கும். வெளியூரிலிருந்து வந்ததும், அவரே பதியம் போட்டுக் கிளப்பியதும் முதலில் நிழல்வலைக்குள். அடுத்த வரிசை வேப்பமரத்தடியில், காலை வெயில் மட்டும் விழுகிற இடத்தில். கடைசி வரிசை வெட்டவெளியில். அங்கே ரெண்டு மூணு வாரம் நின்று, புதுத் துளிர் விட்ட பிறகுதான் செடி விற்பனைக்கு வரும். நிழல்வலைக்குள் நிற்கிறதை எவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டாலும் தர மாட்டார். அடுக்குச் செம்பருத்தியில் இளஞ்சிவப்பு ஒன்று, உள்ளங்கை அகலத்தில் பூத்திருந்தது. கண்ணை எடுக்க முடியவில்லை. கேட்டேன்.

"அது இன்னும் வெயில் பாக்கலம்மா. சித்திரைக்கு வாங்க, தாரேன்."

"நான் வீட்டுல நிழல்லதான் வைப்பேன் அண்ணாச்சி."

"நிழல்ல வச்சா பூக்காது. பூக்கலைன்னா என்னையத்தான ஏசுவீய?"

காசு கொடுக்கத் தயாராக நிற்கிற ஆளைத் திருப்பி அனுப்புகிற கடைக்காரரை நம் ஊரில் எத்தனை பேர் பார்த்திருப்போம்! அந்த ஒரு பதிலுக்காகவே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

இன்னொன்று, செடியைத் தொடுவதற்கு முன்னாலேயே அவர் கேட்கிற கேள்வி: "வீட்டுல என்ன தண்ணி?" எங்கள் தெருவில் போர்த் தண்ணி உப்பு. மாநகராட்சிக் குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணிதான் குடிக்க, சமைக்க. இதைச் சொன்னதும் அவர் நான் எடுத்து வைத்திருந்த செடிகளைப் பிரித்தே வைத்துவிட்டார். மல்லி, ரோஜா ஒரு பக்கம். இதுக்கு ஆற்றுத் தண்ணிதான் ஊற்றணும், அரிசி, பருப்பு கழுவின தண்ணியாவது ஊற்றணும். காகிதப்பூ, அரளி இன்னொரு பக்கம். இது போர்த் தண்ணியைத் தாங்கும். "ஆத்துத் தண்ணி எவ்வளவு மிஞ்சுமோ அந்த அளவுக்கு மல்லி வாங்குங்க, போதும்" என்றார். ஆறு செடி எடுத்த இடத்தில் நாலாகக் குறைத்துக்கொண்டேன். இந்தத் தண்ணிக் கணக்கை திருநெல்வேலி டவுனிலும் ஜங்ஷன் பக்கமும் செடி வாங்கிய எந்த இடத்திலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மல்லியைப் பற்றி விரிவாகச் சொல்லணும், நான் அங்கே போனதே அதுக்காகத்தான். அவரிடம் இருப்பது ராமநாதபுரம் குண்டுமல்லி. தங்கச்சிமடத்திலிருந்து வேர்விட்ட குச்சியாக வாங்கி வந்து பையில் வைத்து வளர்க்கிறார். தமிழ்நாட்டில் மல்லி போடுகிற பல ஊருக்கும் நாற்று அந்தத் தங்கச்சிமடத்திலிருந்துதான் போகிறது. நாற்று ஒன்று 40 ரூபாய். இதே மாதிரி நாற்றைச் சந்தையில் 20 ரூபாய்க்கும் தருவார்கள். ஆனால் அண்ணாச்சி பையின் ஓரத்தைக் கிழித்து வேரைக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். வெள்ளை வேர் மண்ணைக் கவ்விப் பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரியும். கூடவே நடுகிற முறையும் சொல்லித் தருவார்: ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் குழி, மக்கின தொழுவுரம், செடிக்குச் செடி நாலடி, நாள் முழுக்க வெயில் விழுகிற இடம். நாங்கள் நட்டது புரட்டாசியில். அந்த ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே வேர் பிடித்துக்கொண்டது.

அடுத்த கார்த்திகையில் கவாத்து. நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு மீதி எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும். "பாவம் பாக்காம வெட்டுங்கம்மா, பங்குனியில தெரியும்" என்று போனில் சொன்னார். பச்சைப் பசேலென்று நிற்கிற செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டுவதைப் பார்த்து எங்கள் அத்தைக்கு மனசே கேட்கவில்லை. அன்று சாயங்காலம் வரை என்னிடம் சரியாகப் பேசவில்லை. மார்கழி பூராவும் மொட்டைக் குச்சிகள். தை பிறந்ததும் கணுவுக்குக் கணு துளிர் வெடித்தது. மல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும் என்பதால், எத்தனை துளிரோ அத்தனை கொத்து.

இப்போது போய் உட்கார்ந்து பார்த்தால் ஒவ்வொரு நுனியிலும் மும்மூன்று மொட்டு. மூன்றில் நடுவில் இருப்பதுதான் முதலில் பருக்கும். அது மலர்ந்த பிறகே பக்கத்து ரெண்டும் முறை வைத்து வரும். மொட்டின் அடியில் பச்சையாக மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும், பறிக்கும்போது விரலில் லேசாகக் குத்தும். மொட்டு நுனியில் பச்சை ஓடியிருந்தால் அது நாளைக்கு. பால் வெள்ளையாக, அடிப்பக்கம் கொஞ்சம் உப்பலாக இருந்தால் இன்றைக்கு இருட்டும்போது மலர்ந்துவிடும். விடியக்காலையில் பறித்தால்தான் கட்டி முடித்துத் தலையில் வைக்கிற வரை மொட்டாக நிற்கும். அத்தை ஆறு மணிக்கு முன்னாலேயே கிண்ணத்தோடு இறங்கிவிடுகிறார். நாலு செடியிலிருந்து தினமும் ஒரு உழக்கு மொட்டு வருகிறது. அவருக்கு, எனக்கு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு, சாமி படத்துக்கு என்று கட்டி வைத்த பிறகும் மிச்சம் இருக்கிறது. நவம்பரில் என்னிடம் பேசாமல் இருந்தவர், வருகிறவர்களுக்கெல்லாம் இப்போது கவாத்துக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறார். அதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நடுவில் சில மொட்டுகள் ஊதா நிறமாக மாறி, பொடித் துளையோடு வாடின. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டு, மொட்டுப்புழு, அந்த மொட்டுகளை எல்லாம் பறித்து எரித்துவிடுங்கள், கீழே போட்டால் திரும்ப வரும், சோப்புக் கரைசலில் வேப்பெண்ணெய் கலந்து சாயங்காலமாகத் தெளியுங்கள் என்றார். மருந்து எதையும் விற்கப் பார்க்கவில்லை. செடி விற்ற பிறகும் போனை எடுக்கிறார் என்பதற்கே தனியாக மதிப்பெண் போடணும்.

ரோஜா விஷயத்தில் அவரிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், அவரே அதைச் சொல்லிவிடுவார். பெரிய பூ, ரெண்டு நிறம் கலந்தது, மஞ்சள், ஆரஞ்சு என்று கேட்டால் கையை விரிப்பார். எட்வர்ட் ரோஜாவும் பன்னீர் ரோஜாவும்தான் உண்டு. நான் எடுத்தது எட்வர்ட். கொத்துக் கொத்தாக இளஞ்சிவப்பு, நல்ல வாசனை, நம் வெயிலைத் தாங்குகிறது. பங்குனியில் பூ கொஞ்சம் சிறுத்துத்தான் போகும், இதழ் ஓரம் ரெண்டு நாளில் காய்கிறது. அதையும் வாங்கும்போதே சொன்னார்: "பெரிசாப் பாக்கணும்னா ஐப்பசி மழைக்குப் பெறவு பாருங்க." ஒட்டுக் கட்டின செடிகளில், ஒட்டுக்குக் கீழேயிருந்து வருகிற துளிரைக் காட்டி, அதை விட்டால் மேலே இருக்கிற நல்ல ரோஜாவை அமுக்கிவிடும், அடியோடு கிள்ளணும் என்று தன் கையாலேயே கிள்ளிக் காட்டினார். அரை மணி நேரம் நின்று கேட்டால் அரை மணி நேரமும் சொல்லித் தருகிற மனுஷன்.

ரங்கூன் மல்லி நான் கேட்காமல் அவர் தந்தது. தந்தது என்றால் இலவசம் இல்லை, 80 ரூபாய். மேற்குப் பக்கக் காம்பவுண்டில் கம்பி இருக்கிறது, சாயங்கால வெயிலில் சுவர் கொதிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்ப இதக் கொண்டு போங்க, சொவத்த மூடிரும்" என்றார். மூடிவிட்டது. இருட்டுகிற நேரத்தில் வெள்ளையாக விரிகிற பூ, மறுநாள் காலையில் இளஞ்சிவப்பு, அதற்கப்புறம் நல்ல சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். ராத்திரி வாசனை வாசல் வரை வரும். சிறகடித்துக்கொண்டே பூவுக்கு முன்னால் நிற்கிற பெரிய அந்துப்பூச்சிகளைப் பார்க்க எங்கள் மகன் டார்ச்சோடு காத்திருக்கிறான். ஒரு எச்சரிக்கை: இந்தக் கொடி நிற்காமல் ஓடும். மாசத்துக்கு ஒரு தடவையாவது வெட்டிவிட நேரமில்லாதவர்கள் வாங்க வேண்டாம். கரண்ட் கம்பி பக்கத்தில் இருந்தால் வாங்கவே வேண்டாம்.

காகிதப்பூவும், பாலைவன ரோஜா என்கிற அடீனியமும் மொட்டை மாடிக்கு வாங்கினேன். ரெண்டுமே தண்ணியைக் குறைத்தால்தான் பூக்கிற ரகம், அதனால் மாடிக்குச் சரி. அடீனியத்தின் பால் விஷம், பிள்ளைகள் கைபடாத இடத்தில் வைக்கச் சொன்னார். தொட்டியில் தண்ணி தேங்கினால் அடித்தண்டு அழுகிவிடும் என்பதால் ஓட்டையைப் பெரிதாக்கி, பாதி மணல் கலந்து அவரே மாற்றி வைத்துக் கொடுத்தார். அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை.

சித்திரை விசுவுக்குக் கனி காண்கிற வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. தட்டில் காய், கனி, கண்ணாடி, காசோடு கொன்றைப் பூ இருக்கணும். வருஷா வருஷம் யார் வீட்டு மரத்தையாவது பார்த்துக் கேட்டு வாங்குகிறோம். சொந்தமாக ஒரு சரக்கொன்றை வைத்தால் என்ன என்று அவரிடம் கேட்டேன். கன்று நிறைய இருந்தது, இடுப்பு உயரத்தில், 60 ரூபாய். அவர் முதலில் கேட்டது எங்கள் வீட்டு இடத்தின் அளவை. "அடுத்த விசுவுக்குப் பூக்கும்னு நான் சொல்ல மாட்டேன். நாலஞ்சு வருசம் ஆவும். மரமும் பெரிசா வரும், சொவத்தடியில வைக்காதீய." எங்கள் வீட்டில் அவ்வளவு இடம் கிடையாது. தம்பி வீடு ஆழ்வார்குறிச்சியில், பின்பக்கம் தோட்டம் கிடக்கிறது. அங்கே வைக்க ஒரு கன்று வாங்கிக் கொடுத்தேன். மஞ்சள் சரம் தொங்குகிறதைப் பார்க்கப் பொறுத்துத்தான் இருக்கணும்.

அந்தப் பெரிய வேப்பமரம் பங்குனியில் பூவாகக் கொட்டுகிறது. அடியில் பழைய வேட்டியை விரித்து வைத்திருக்கிறார்கள். விழுந்ததைக் காம்பும் சருகும் நீக்கிக் காய வைத்து, செடி வாங்க வருகிறவர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார் அவர் வீட்டு அம்மா. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு, மற்ற நாள் ரசத்துக்கு. கசப்பு இருக்கிறது, மண் இல்லை. கடையில் வாங்குகிற வேப்பம்பூவில் பாதி குச்சி இருக்கும், இதில் ஒரு குச்சிகூட இல்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், போகிறவர்கள் தெரிந்துகொண்டு போகட்டும். செடிகளில் பெயரோ விலையோ எழுதி வைக்கவில்லை. அண்ணாச்சி இல்லாத நேரத்தில் போனால், வேலை பார்க்கிற பையன்கள் "சிவப்பு", "வெள்ளை" என்றுதான் சொல்வார்கள். ஒற்றை நந்தியாவட்டையா அடுக்கா என்று பூக்காத செடியில் அவர்களால் சொல்ல முடியவில்லை. இவ்வளவு தெரிந்த மனுஷன் ஒரு அட்டைத் துண்டில் பெயர் எழுதிக் குத்தி வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அவரிடமே சொன்னேன், சிரித்தார், இன்னும் செய்யவில்லை.

அங்கே விற்கிற தென்னை நார்க் கட்டியை நான் வாங்க மாட்டேன். ஊறவைத்த தண்ணி கறுத்து, உப்புக் கரித்தது. உப்பு போகிற வரை பல தடவை அலசிவிட்டுத்தான் தொட்டியில் போட முடிந்தது. ஏற்கெனவே உப்புத் தண்ணியோடு மல்லுக்கட்டுகிற நமக்கு அது எதற்கு? செடிக்கு இவ்வளவு கவனம் எடுக்கிறவர் இதையும் கழுவி விற்கலாம், இல்லையென்றால் விற்காமல் இருக்கலாம். தொழுவுரமும் வேப்பம் புண்ணாக்கும் நன்றாக இருக்கின்றன. தொழுவுரம் கையில் எடுத்தால் நாற்றமில்லாமல், ஈர மண் வாசனையோடு உதிர்கிறது.

மழைக்காலத்தில் அந்த மண்பாதையில் கார் போகாது, ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடக்கணும். செடி அதிகம் வாங்கினால் குட்டியானை வண்டியில் அனுப்பி வைக்கிறார். பாளையங்கோட்டைக்கு 600 ரூபாய் வாங்கினார், இறக்கி வைக்கும்போது ஒரு கிளை முறியவில்லை. அக்கம் பக்கத்தில் ரெண்டு மூணு வீடு சேர்ந்து வாங்கினால் அந்த வாடகை பெரிதாகத் தெரியாது. எங்கள் தெருவில் அப்படித்தான் செய்தோம். மொத்தத்தில் விலை டவுன் கடைகளைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், செம்பருத்தி, காகிதப்பூ எல்லாம் 30, 40 ரூபாய் அதிகம். பேரம் பேசினால் குறைக்க மாட்டார். காலித் தொட்டியையும் கவரையும் திருப்பிக் கொண்டுபோனால் எடுத்துக்கொண்டு அடுத்த செடியில் கழிக்கிறார்.

செடி வாங்கப் போகிறவர்கள் சித்திரை வெயிலில் மல்லியும் ரோஜாவும் கேட்டு நிற்க வேண்டாம், அவரே தர மாட்டார். இந்த மாசத்தில் காகிதப்பூ, அடீனியம், அரளி கிடைக்கும். கோடை மழை ஒன்று விழுந்தால் பூக்கிற பந்து லில்லிக் கிழங்கும் இப்போதுதான் இருக்கும். தரைக்கு மேலே இலைகூட வராமல் ஒற்றைத் தண்டில் சிவப்புப் பந்தாகப் பூக்கும், வருஷத்துக்கு ஒரே தடவை. கிழங்கு 50 ரூபாய், நான் ரெண்டு வாங்கி வைத்திருக்கிறேன். மல்லி, பிச்சி நாற்றுக்கு ஆனிக்குப் பிறகு போங்கள். காலையில் ஏழு மணிக்கெல்லாம் ஆள் இருப்பார்கள். அண்ணாச்சி இருக்கிறாரா என்று டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே திரும்புங்கள். வீட்டில் என்ன தண்ணி, எந்தப் பக்கம் எத்தனை மணி வரை வெயில் என்று பார்த்து வைத்துக்கொண்டு போனால், அவர் செடி எடுத்துத் தருவது சுலபமாக இருக்கும்.